பச்சைப் பொத்தான்

இது நடந்தது. எனக்கு நடந்தது. போன ஐப்பசியில், ஆடுகோடியில் இருக்கும் என் கடையில்.

நள்ளிரவு, சுடுகாடு, புளியமரம் எதுவும் இதில் கிடையாது. மாலை நேரம். ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரவியின் லேத் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பயப்படுகிற நேரம் இல்லை அது. ஆனாலும் அன்றிலிருந்து நான் ஆறு மணிக்கே கடையைப் பூட்டிவிடுகிறேன்.

மல்டிமீட்டர் காட்டாத எதையும் நான் நம்புவதில்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். "சத்தம்னு ஒண்ணு வந்தா அத ஏதோ ஒண்ணு அசைக்குது. எது அசைக்குதுன்னு தேடுங்க" என்பதுதான் என் முதல் பாடம். அந்தப் பாடத்தை நான் இன்னும் மாற்றவில்லை. ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் எது அசைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு போர்டு எப்படிச் சத்தம் போடுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நான் எதற்குப் பயந்தேன் என்று உங்களுக்குப் புரியும்.

ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பிரித்துப் பாருங்கள். ஒரு காகிதக் கூம்பு. அதன் அடியில் செம்புக் கம்பிச் சுருள். சுருளைச் சுற்றி ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் ஓடினால் கூம்பு முன்னால் வரும். நிறுத்தினால் பின்னால் போகும். பாவம், அதற்கு வேறு எதுவும் தெரியாது. அதை ஆட்டிவைக்கிற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு தீப்பெட்டி அளவில் இருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதன் ஒரு காலில் ஸ்பீக்கரை இணைக்கிறோம். அந்தக் காலுக்கும் இரண்டே வேலைதான். கொடு, நிறுத்து. நொடிக்கு ஒரு முறை கொடுத்து நிறுத்தினால் 'டப்... டப்...' என்று கேட்கும். நொடிக்கு இருநூற்று அறுபது முறை கொடுத்து நிறுத்தினால், அந்த டப் டப் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு சுரமாக எழும். அதை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வேகமாகத் தட்டினால் 'க'. அதைவிட வேகமாகத் தட்டினால் 'ப'. தொண்டை இல்லை, தந்தி இல்லை, காற்றுப்பெட்டி இல்லை. வெறும் கொடு, நிறுத்து. அதிலிருந்து ஒரு பாட்டே வந்துவிடும். முதல்முறை இதைக் கேட்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் வகுப்பு எடுக்கிறேன்.

இன்னொன்று. ஸ்பீக்கர் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். மின்சாரம் கொடுத்தால் கூம்பு அசைகிறது அல்லவா? நீங்கள் கூம்பை அசைத்தால் கம்பியில் மின்சாரம் வரும். பேசுகிற வாயே கேட்கிற காதாகவும் ஆகிவிடும். ஸ்பீக்கரின் முன்னால் ஒருவர் மூச்சு விட்டால் கம்பியின் மறுமுனையில் அதைப் பார்க்கலாம்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் ராஜேந்திரனும் அவர் மனைவி சாந்தகுமாரியும் என் கடைக்கு வந்தார்கள். விவேக் நகரில், சர்ச்சுக்குப் பின்பக்கச் சந்தில் வீடு. ராஜேந்திரனின் அம்மா லட்சுமம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் அசையும்.

"டம்ளரத் தட்டித் தட்டிக் கூப்புடறாங்க சார். மிக்ஸி ஓடினா எனக்குக் கேக்கறதில்ல" என்றார் சாந்தகுமாரி.

"கடையில காலிங் பெல் கிடைக்குமே?"

"வாங்கினோம். அமுக்கினா ஒரு வாட்டி அடிக்குது. நாங்க கேட்டோமா இல்லியான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அமுக்கிக்கிட்டே இருக்காங்க. அப்புறம் அழுவறாங்க."

எனக்கு அது பிடித்துக்கொண்டது. கூப்பிடுகிறவருக்குப் பதில் வேண்டும். அதுதானே விஷயம்?

இரண்டு பெட்டிகள் செய்தேன். ஒன்று ஹாலுக்கு. இன்னொன்று கட்டிலுக்கு. இரண்டும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும். லட்சுமம்மாவின் இடது கையில், கட்டில் பெட்டியிலிருந்து கம்பியில் வரும் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஹால் பெட்டி 'டீ... டூ...' என்று அலறத் தொடங்கும். தானாக நிற்காது. யாராவது வந்து ஹால் பெட்டியின் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும். அழுத்திய உடனே கட்டில் பெட்டி மூன்று சுரம் வாசிக்கும். ச... க... ப.

அதற்கு அர்த்தம், 'வர்றேன்'.

சொன்னவர் வந்து சேரும்வரை அந்த மூன்று சுரமும் அரை நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பக் கேட்கும். வந்தவர் கட்டில் பெட்டியில் இருக்கும் கறுப்புப் பொத்தானை அழுத்தினால் நிற்கும். அப்படியென்றால் 'வந்துட்டேன்'. அந்தப் பெட்டியைக் கட்டிலின் வலது பக்கம், தலைமாட்டில் மாட்டினேன். லட்சுமம்மாவின் கை எட்டாத பக்கம். வந்தவர்தான் அதை நிறுத்த வேண்டும், படுத்திருப்பவரே நிறுத்திவிடக் கூடாது என்று யோசித்துச் செய்தேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

மாட்டிய அன்று லட்சுமம்மாவின் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து காட்டினேன். அவர் அழுத்தினார். ஹாலில் அலறியது. சாந்தகுமாரி பச்சையை அழுத்தினார். ச... க... ப. லட்சுமம்மாவின் பாதி வாய் சிரித்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

"அம்மாவுக்கு வெளையாட்டுச் சாமான் கெடச்சிருச்சு" என்றார் ராஜேந்திரன். எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாவது வாரம் அவர் போன் செய்தார்.

"சார், ராத்திரி பூரா ஒரே கிரிகிரி, தூக்கமே இல்ல. சும்னே சும்னே, காரணமே இல்லாம அமுக்கறாங்க. ஒரு நிமிசம் அடிச்சா தானா நின்னுடற மாதிரி பண்ணுங்களேன்."

"அப்படிச் செஞ்சா பெல் எதுக்கு ராஜேந்திரன்? நீங்க எழுந்து வரலைன்னு அதுக்குத் தெரியணுமில்ல?"

"உங்களுக்கென்ன சார், நீங்க சொல்லுவீங்க" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் போன் வரவில்லை. பழகிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதே மாதிரி இன்னும் இரண்டு வீடுகளுக்குச் செய்து கொடுத்தேன்.

புரட்டாசிக் கடைசியில் லட்சுமம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. காரியத்தன்று போனேன். ஷாமியானாவுக்கு அடியில் உறவினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜேந்திரன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க சார். வந்து பாருங்க. உங்க பெல்லு லட்சணத்த எல்லாருக்கும் சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை.

"அடிக்கல சார்! ராத்திரி சளி அடைச்சிருக்கு. அமுக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. காலையில பாத்தா பொத்தான் மேலயே கட்டவெரலு வெறச்சுப் போயிருக்கு. பிரிச்சுத்தான் எடுத்தோம். ஹால்ல ஒரு சத்தம் இல்ல. ஹால்லதான் சார் நான் படுத்திருந்தேன்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கன்னடத்தில் ஏதோ சொல்லி என் பக்கம் கையைக் காட்டினார். சாந்தகுமாரி இரண்டு பெட்டிகளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்துட்டுப் போங்க. இன்னொரு வீட்டுல சாவு விழ வேணாம்" என்றார் ராஜேந்திரன்.

இன்னொரு வீடு இல்லை. இரண்டு வீடுகள். இரண்டிலும் என் பெட்டியை நம்பித் தூங்குகிறார்கள்.

நேராகக் கடைக்கு வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. என் மனைவி சங்கமித்ராவுக்குப் போன் செய்தேன். அவள் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிறாள்.

"லேட் ஆகும். பெட்டியத் திறந்து பாக்கணும். என் தப்பான்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது."

"பொட்டிய மட்டும் பாக்காத. வார்டுல பெல்லு கெட்டுப்போயி நான் பாத்ததில்ல. ஆளுங்கதான்..." என்றாள். யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

இரண்டு பெட்டிகளையும் மேஜையில் வைத்தேன். ஹால் பெட்டிக்கு யூஎஸ்பி கேபிள். கட்டில் பெட்டிக்கு பேட்டரி. அழைப்புப் பொத்தானை அழுத்தினேன்.

ஹால் பெட்டியில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். அலறல் இல்லை.

ஆனால் கட்டில் பெட்டி பதில் சொன்னது. ச... க... ப. உடனே. நான் விரலை எடுப்பதற்கு முன்பே.

கறுப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். யாரும் பச்சையை அழுத்தவில்லை. பெட்டி தானாக 'வர்றேன்' என்று சொல்கிறது. அப்படியானால் தப்பு என்னுடையது. நான் எழுதிய புரோகிராமில் எங்கோ ஓட்டை.

ஹால் ஸ்பீக்கரை ஒரு பென்சில் செல்லால் தொட்டுப் பார்த்தேன். 'டப்'. நன்றாக இருக்கிறது. சோல்டர் வைத்த இடங்களைப் பார்த்தேன். நன்றாக இருக்கின்றன. புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். இரண்டு முறை. ஓட்டை இல்லை.

கட்டில் பெட்டியை முழுக்கப் பிரிக்கலாம் என்று பேட்டரியைக் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்தேன். ஸ்குரூவைக் கழற்றினேன்.

டிக்.

ஹால் பெட்டி.

நான் எதையும் தொடவில்லை.

ச... க... ப.

கட்டில் பெட்டி. பேட்டரி என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

பயப்படவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் சந்தோஷம்தான் வந்தது. இதோ கோளாறு அகப்பட்டுவிட்டது! பேட்டரி இல்லாவிட்டாலும் போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர் கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். குடம் கவிழ்ந்த பிறகும் அடியில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மாதிரி. அந்த மிச்சத்தில்தான் ஒலிக்கிறது. ஸ்குரூடிரைவர் முனையால் கெப்பாசிட்டரின் இரு கால்களையும் சேர்த்துத் தொட்டேன். மிச்சமும் போயிற்று. இனி அதற்குள் எதுவும் இல்லை.

டிக்.

ச... க... ப.

மல்டிமீட்டரை வைத்தேன். பூஜ்யம்.

ஹால் பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன். இரண்டு பெட்டிகளிலும் கம்பியில்லாமல் பேசும் சின்ன அட்டையைக் கழற்றி எடுத்தேன். இப்போது இரண்டும் வெறும் டப்பாக்கள். ஒன்றோடொன்று பேச வழியே இல்லை.

டிக். ச... க... ப.

டிக். ச... க... ப.

அப்போதுதான் கவனித்தேன். அந்த 'டிக்' சீராக வரவில்லை. பெட்டி அடித்தால் சீராக அடிக்கும். இது ஒரு முறை வேகமாக வந்தது. அடுத்தது தாமதமாக. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். பிறகு நீண்ட நேரம் இல்லை. பிறகு மெதுவாக ஒன்று...

களைத்துப்போன விரல்.

பக்கத்தில் லேத் நின்றுவிட்டது. ரவி தேநீர் குடிக்கப் போயிருப்பான். கடை திடீரென்று அமைதியாகிவிட்டது. ஹால் பெட்டியின் ஸ்பீக்கரை விளக்குக்குக் கீழே பிடித்தேன்.

காகிதக் கூம்பு அசைந்தது. முன்னால். பின்னால். மெதுவாக.

என் கை வழக்கமாகச் செய்வதைச் செய்தது. ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளையும் ஆசிலோஸ்கோப்பில் மாட்டினேன். சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. திரையில் பச்சைக் கோடு எழுந்தது. மேடு. பள்ளம். மேடு. பள்ளம். மேட்டின் உச்சியில் மட்டும் கோடு முட்செடி மாதிரி சிலிர்த்தது.

வகுப்பில் பிள்ளைகளை ஸ்பீக்கரில் ஊதச் சொல்லி இந்தக் கோட்டைக் காட்டியிருக்கிறேன்.

மூச்சு.

சளி கட்டிய மூச்சு.

ஸ்பீக்கரின் மறுபக்கத்திலிருந்து.

கோட்டின் மேடுகள் சின்னதாகிக்கொண்டே போயின. இடையில் 'டிக்' வரும்போதெல்லாம் மேடு கொஞ்சம் உயர்ந்தது. 'ச... க... ப' கேட்டதும் அடங்கியது. யாரோ வருகிறார்கள் என்று நம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது மாதிரி. பிறகு மறுபடி டிக். மறுபடி நம்பிக்கை. மறுபடி...

அந்தப் பதில் ஏன் இத்தனை சீக்கிரம் வருகிறது? என் புத்தி அதிலேயே நின்றது. டிக் என்றதும் பதில். நடுவில் இடைவெளியே இல்லை. ஒரு மனிதர் எழுந்து வந்து பச்சையை அழுத்த சில நொடியாவது ஆகுமே? ஒரு வழியில்தான் இது நடக்கும்.

பச்சை முன்பே அழுத்தப்பட்டிருக்க வேண்டும்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். பச்சைப் பொத்தானைப் பார்த்தேன். அது கொஞ்சம் உள்ளே போயிருந்தது. பொத்தானுக்கும் பெட்டியின் ஓட்டைக்கும் நடுவில் ஏதோ மரத்துண்டு. விளிம்போடு ஒடிக்கப்பட்டிருந்தது.

பல் குத்தும் குச்சி.

உட்கார்ந்துவிட்டேன்.

என் புரோகிராமில் ஓட்டை இல்லை. பெல் கெட்டுப்போகவில்லை. யாரோ பச்சைப் பொத்தானைக் குச்சி சொருகி நிரந்தரமாக அழுத்தி வைத்திருக்கிறார்கள். லட்சுமம்மா கூப்பிடுவார். ஹாலில் ஒரு டிக். அவருக்கோ உடனே பதில் வந்துவிடும். வர்றேன். அரை நிமிடம் கழித்து, வர்றேன். இன்னும் அரை நிமிடம் கழித்து, வர்றேன். விடியும்வரை. அதை நிறுத்தும் பொத்தான் அவர் கை எட்டாத பக்கம்.

கடைசி இரவிலும் அது அதையேதான் சொல்லியிருக்கும்.

இடுக்கியால் குச்சியைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. பச்சைப் பொத்தான் மேலே எழுந்தது.

டீ... டூ... டீ... டூ...

மின்சாரம் இல்லாத பெட்டி அலறியது. நான் செய்த அளவுக்கு மேல் அலறியது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அத்தனை சத்தம் போட முடியாது. மேஜை மேல் இருந்த ஸ்குரூக்கள் குதித்தன.

ராஜேந்திரனுக்குப் போன் செய்தேன். மணி ஏழு பத்து.

"என்ன சார்? அது என்ன சத்தம்?"

"உங்க அம்மா பெல்லு. கேக்குதா?"

"வெளையாடறீங்களா? அமுக்குங்க சார் அத! அந்தப் பச்சைய அமுக்குங்க!"

"குச்சி வெச்சது யாரு?"

அவர் வீட்டில் டி.வி. ஓடுவது கேட்டது.

"ராஜேந்திரன்?"

"நாள் பூரா வேல பாத்துட்டு மனுசன் தூங்க வேணாமா சார்? அவங்களுக்குத்தான் பதில் கேக்குதில்ல? அந்த மியூசிக் கேட்டுக்கிட்டே கம்முனு படுத்துக்குவாங்க. எல்லாருக்கும் நிம்மதி. உங்களுக்கென்ன, பெல்லு நல்லாருக்குன்னு தெரிஞ்சிடுச்சில்ல? அமுக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"நான் அமுக்க மாட்டேன். அமுக்கினா வர்றேன்னு அர்த்தம். அது நீங்க சொல்லவேண்டியது."

சிரித்தார். "செத்தவங்களுக்கு யாரு சார் வர்றது? அந்தப் பச்சைய... பச்... ப..."

"ராஜேந்திரன்?"

"ப... ப... ப..."

ஏதோ விழுந்தது. சாந்தகுமாரியின் குரல். "என்னங்க? என்னங்க!" லைன் அறுந்தது.

அதே நொடி.

என் கண் முன்னால்.

பச்சைப் பொத்தான் மெல்ல உள்ளே போனது.

யாரும் தொடவில்லை.

அலறல் நின்றது.

ச... க... ப.

கட்டில் பெட்டி சொன்னது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். யாரோ வருகிறேன் என்கிறார்கள். அரை நிமிடம் ஆனது.

ச... க... ப.

இந்த முறை பெட்டியிலிருந்து வரவில்லை.

கதவுக்கு வெளியிலிருந்து.

இன்னும் அரை நிமிடம்.

ச... க... ப.

லேத் பட்டறைக்கு முன்னால்.

கதவு திறந்தது. கத்திவிட்டேன். ரவி. மழையில் நனைந்து, கையில் தேநீர்.

"என்ன குரு, பேய் பாத்த மாதிரி இருக்க? அது சரி, தெருவுல அது என்ன டொய் டொய்ங்குது? இந்த மழையில ஐஸ் வண்டியா?"

"உனக்குக் கேட்டுச்சா?"

"காதுக்குப் பக்கத்துலதான் கேட்டுச்சு. வண்டியத்தான் காணோம்."

இருவரும் வெளியே வந்து நின்றோம். மழை. காலித் தெரு. இன்னொரு முறை கேட்டது. இன்னும் தூரத்தில்.

அது போன பக்கம் விவேக் நகர்.

மறுநாள் அந்த இரண்டு வீடுகளுக்கும் போனேன். என் பெட்டியைச் சோதிக்கப் போகவில்லை. பச்சைப் பொத்தானைப் பார்க்கப் போனேன். ஒரு வீட்டில் நன்றாக இருந்தது. இன்னொரு வீட்டில் அதன் மேல் செல்லோடேப்பை இறுக்கி ஒட்டியிருந்தார்கள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கொழந்த ஒட்டிட்டான் சார்" என்றார்கள். அந்த வீட்டில் குழந்தை இல்லை. டேப்பை உரித்துவிட்டு, விவேக் நகரில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். இப்போது அந்த வீட்டில் பெல் அடித்தால் மூன்று பேர் எழுந்து ஓடுகிறார்களாம்.

லட்சுமம்மாவின் பெட்டிகளை ரவியின் சுத்தியலால் அடித்து நொறுக்கி, துண்டுகளைக் குப்பை வண்டியில் போட்டேன்.

ஒரு வாரத்துக்குப் பிறகு சாந்தகுமாரி கடைக்கு வந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன.

"அவருக்கு அன்னைக்கே பக்கவாதம் சார். உங்ககிட்ட பேசிட்டிருந்தப்பதான். பி.பி. மாத்திர ஒழுங்கா போடலன்னு டாக்டர் சொல்றாரு."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். பேச்சும் போயிடுச்சு. அத்தையோட கட்டில்லதான் படுக்க வெச்சிருக்கோம்." குடையை மேஜையோரம் சாய்த்து வைத்தார். "அந்தப் பெல்லு வேணும் சார்."

"ஒடச்சிட்டேன்மா."

அவர் முகம் மாறியது.

"அப்ப அது என்ன சத்தம்?"

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நாலு நாளைக்கு முன்னாடி மெயின் ரோட்டுப் பக்கம் கேட்டுச்சு. யார் போனோ அடிக்குதுன்னு விட்டுட்டேன். வியாழக்கெழம சர்ச்சுக் கூட்டத்துக்கு நடுவுல கேட்டுச்சு. முந்தாநாள் சந்து முனையில. நேத்து எங்க வாசப்படியில சார். அவருக்கும் கேக்குது. கேக்கும்போதெல்லாம் கதவையே பாக்கறாரு. இடது கை கட்டவெரலு பெட்ஷீட்ட அமுக்கிக்கிட்டே இருக்கு."

என் கடையிலிருந்து விவேக் நகருக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறவருக்கு எத்தனை நாள் ஆகும் என்று நான் கணக்குப் போட விரும்பவில்லை.

"குச்சி வெச்சது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு தடவ எடுத்துப் போட்டேன் சார். மறுநாள் ராத்திரி மூணு வாட்டி எழுப்பிட்டாங்க. நானே திருப்பி வெச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னார். "அத்த போன அன்னைக்குக் காலையில நான்தான் மொதல்ல போனேன். ஒடம்பு சில்லுனு இருந்துச்சு. அந்தப் பொட்டி வர்றேன் வர்றேன்னு அடிச்சிட்டேதான் இருந்துச்சு. நான்தான் கறுப்பு அமுக்கி நிறுத்தினேன்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

"சார், நல்ல சேதி. சத்தம் நின்னுடுச்சு. நேத்து சாயங்காலத்துலேருந்து இல்ல."

அந்தச் சத்தத்தை நான்தானே செய்தேன். அது எப்போது நிற்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

"ராஜேந்திரன் எப்படி இருக்கார்?"

"அப்படியேதான் சார். ஆனா இப்பல்லாம் கதவப் பாக்கறதில்ல."

"அப்புறம்?"

"தலமாட்டுல பாக்கறாரு. வலது பக்கம். யாரோ நிக்கிற மாதிரி... கண்ணே எடுக்கறதில்ல."

அந்தப் பக்கம்தான் நான் கறுப்புப் பொத்தானை வைத்திருந்தேன்.